ஐந்தரை மணி நேரம்

புதுச்சேரி உப்பளத்தில் சொல்தா சாமிக்கண்ணுவைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவருக்கு மறை கழன்றுவிட்டது என்றே சொல்லுவார்கள். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினாறு வருஷம் வயர்லெஸ் தட்டிவிட்டுப் பென்ஷனோடு வந்த மனிதர் அவர். கூடப் போன சொல்தாக்கள், அதாவது சிப்பாய்கள், எல்லாம் மாடி வீடு கட்டிக்கொண்டு சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் சென்னை மூர் மார்க்கெட்டில் யுத்தகாலத்துப் பழைய டிரான்ஸ்மிட்டர் ஒன்றைப் பிடித்து, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கொல்லையில் இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கம்பி இழுத்துக் கட்டினார். அதன் பிறகு பின்கட்டு அறையில் உட்கார்ந்து டிக் டிக் என்று தட்டுவதே பிழைப்பாகிவிட்டது. பிழைப்பு என்று சொல்வதுகூடத் தப்பு. காலணா வருமானம் கிடையாது.

அவர் மனைவி ராஜாம்பாள் அதை எப்போதோ சகித்துக்கொண்டுவிட்டாள். குடிக்கப் போகவில்லை, சீட்டாடப் போகவில்லை, அறைக்குள்தானே இருக்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஊர் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, நாற்பத்தெட்டு வயதில் இந்திய சர்க்காரின் பரீட்சையை எழுதி அவர் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினார். புயல், வெள்ளம், திருவிழாக் கூட்டம் என்று வந்தால், தந்தியும் தொலைபேசியும் எட்டாத இடத்துக்குச் செய்தி கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த லைசென்ஸ்காரர்களின் வழக்கம். யாரும் கூப்பிட்டுக் கூலி கொடுப்பதில்லை. கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

விழுப்புரத்தில் இவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். பலராமன் என்று பெயர், உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார். மூன்று வருஷமாகத் தினமும் காலை ஆறரைக்கு இருவரும் மோர்ஸில் பேசிக்கொள்வார்கள். இடையில் இருபத்தைந்து மைல்கூட இல்லை, ஆனாலும் நேரில் பார்த்ததில்லை. வாத்தியார் தட்டும் தினுசிலேயே அவருக்குச் சளி பிடித்திருக்கிறதா, வீட்டில் சண்டையா என்று சாமிக்கண்ணுவால் சொல்ல முடியும்.

இந்தத் தொழிலில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. செய்தியின் தலைப்பில் போடும் நேரம் கிரீனிச் நேரம். நம் கடிகாரத்தில் ஐந்தரை மணியைக் கழித்தால் அது வரும். உலகம் முழுக்க ரேடியோக்காரர்களுக்கு ஒரே நேரம் இருக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. இரண்டாவது, செய்தியின் உள்ளே எழுதியவர் என்ன எழுதினாரோ அதை அப்படியே அனுப்ப வேண்டும், அப்படியே எடுக்க வேண்டும், அப்படியே கொடுக்க வேண்டும். புரியாவிட்டால் திருப்பிக் கேட்கலாம். திருத்தக்கூடாது. ஆனால் சாமிக்கண்ணு பழகிய பட்டாளத்தில் தலைப்பு, உள்ளே என்ற பேதமெல்லாம் இல்லை. அங்கே எந்தக் காகிதத்தில் எந்த மூலையில் மணி எழுதியிருந்தாலும் அது கிரீனிச் மணிதான்.

அந்தப் பழக்கத்தால் அவருக்கு ஒரு தடவை நன்றாக மானம் போயிற்று. ஒரு வருஷம் வில்லியனூர் தேர்த் திருவிழாவில், கூட்டத்தைச் சமாளிக்கும் போலீசுக்கு உதவியாகத் தேரடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். காலை ஏழே முக்காலுக்குத் தேர் புறப்பட்டது. டவுனில் இருந்த அதிகாரிக்கு, 'தேர் 2.15க்கு நிலையை விட்டது' என்று செய்தி போயிற்று. சாமி ராத்திரியோடு ராத்திரியாக யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டதா என்று அந்த அதிகாரி கேட்க, ஆபீஸ் கச்சேரி முழுக்கச் சிரித்தது. பத்து நாளைக்குச் சாமிக்கண்ணு எங்கே போனாலும், "முசியே, இப்ப மணி இன்னா, லண்டன்ல?" என்று கேட்டார்கள். டீக்கடைக்காரன்கூடக் கேட்டான். பிரெஞ்சில் முசியே என்றால் ஐயா. அன்றைக்கு அவர் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் எந்த அதிகாரிக்கும் நம் ஊர் மணியாக மாற்றித்தான் கொடுப்பது என்று.

அதே வருஷம் ஐப்பசிக் கடைசியில் புயல் அடித்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு நாள் பேய்க்காற்று. விழுப்புரம் ரோடில் புளிய மரங்கள் சாய்ந்து கிடந்தன. தந்திக் கம்பி அறுந்தது, டெலிபோன் செத்தது, கரண்ட் போயிற்று. சாமிக்கண்ணு கொல்லைக் கம்பியை இரண்டு தரம் எடுத்துக் கட்டி, லாரி பாட்டரி ஒன்றை இரவல் வாங்கிப் பெட்டிக்கு உயிர் கொடுத்தார். புதுச்சேரிக்கும் வெளியூருக்கும் நடுவே அப்போது பேசிக்கொண்டிருந்தது அவர் ஒருத்தர்தான். நிவாரண வேலைக்குப் பொறுப்பாக இருந்த இராமதாஸ் என்ற அதிகாரி, ஒரு ஜீப்பையும் டிரைவரையும் அவர் வாசலிலேயே நிறுத்திவைத்தார். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. மறை கழன்றவர் என்று சொன்ன வாய்கள் இப்போது, "முசியே, சாப்ட்டீங்களா?" என்று கேட்டன. அவருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை.

மூன்றாம் நாள் காலை மழை சற்று விட்டது. ஆறு நாற்பதுக்கு வாத்தியார் பெட்டியில் வந்தார். அவசரச் செய்தி என்று முதலில் தட்டினார். ஆற்றின் மேலே புதிதாகக் கட்டியிருந்த அணையிலிருந்து ஆள் கொண்டுவந்த சீட்டு அது. எஞ்சினியர் எழுதியது. சாமிக்கண்ணு பென்சிலால் எடுத்தார்.

'அணை நிரம்பிவிட்டது. மதகுகள் 0930க்குத் திறக்கப்படும். வெள்ளம் மூன்று மணி நேரத்தில் உங்கள் எல்லைக்கு வரும். கரையோர ஊர்களை உடனே அப்புறப்படுத்துக.'

வார்த்தைகளை எண்ணிச் சரி பார்த்தார். கிடைத்தது என்று தட்டினார். காகிதத்தைக் கிழிக்கும்போது 0930 கண்ணில் பட்டது. நாலு எண்ணாக எழுதிய மணி. கை தானாக ஐந்தரையைக் கூட்டிற்று. அதை அடித்து, மேலே 'பகல் 3 மணி' என்று தெளிவாக எழுதி, வேறு காகிதத்தில் நகல் எடுத்து டிரைவரிடம் கொடுத்தார். இராமதாஸ் குழம்பக்கூடாது என்று அவருக்கு அத்தனை கரிசனம். திருப்பிக் கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அதைச் செய்ய அவருக்குத் தோன்றவே இல்லை. பாவி மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

எட்டு மணிக்கெல்லாம் ஆற்றங்கரை ஊர்களில் தமுக்கு அடித்தார்கள். மூன்று மணிக்கு மதகு திறக்கிறார்கள், ஆறு மணிக்கு வெள்ளம் வரும், ஐந்து மணிக்குள் ஒரு ஈ காக்கை ஊரில் இருக்கக்கூடாது. வில்லியனூருக்கு அருகே ஆற்றை ஒட்டிக் களத்துமேடு என்று அறுபது வீட்டு ஊர். பாதிப் பேர் நிலத்திலும் பாதிப் பேர் முதலியார்பேட்டை மில்லிலும் வேலை செய்கிறவர்கள். பதினொரு மணிக்குள் குழந்தை குட்டிகளையும் கிழடு கட்டைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். நேரம்தான் நிறைய இருக்கிறதே என்று ஆண்கள் நாற்பது பேர் மாட்டையும் நெல்லையும் எடுத்துவரத் திரும்பிப் போனார்கள். பன்னிரண்டே முக்காலுக்குத் தண்ணீர் வந்தது.

ஒன்றரை மணிக்கு ஜீப் டிரைவர் ஓடிவந்தான்.

"முசியே, களத்துமேட்டுல தண்ணி பூந்துடுச்சி! மதக முன்னாடியே தெறந்துட்டானுங்க!"

"எவன் தெறந்தான்? மூணு மணின்னு எழுதி அனுப்பிட்டு, என்ன வெளையாட்டா இது?" என்று கத்திக்கொண்டே சாமிக்கண்ணு மேஜையில் கிடந்த மூலக் காகிதத்தை எடுத்தார். அடித்த கோட்டுக்கு அடியில் 0930 தெரிந்தது. ஒன்பதரையும் மூன்றும் பன்னிரண்டரை. எஞ்சினியருக்கு லண்டனோடு என்ன வேலை? அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். வாத்தியார் கட்டுப்பாட்டுக்கு அடங்கினவர், அப்படியே தட்டியிருக்கிறார். ஐந்தரையைக் கூட்டியது தான் மட்டும்தான்.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்தொன்பது பேர் கூரைமேலும் வைக்கோல் போர்மேலும் ஏறித் தப்பித்தார்கள். வேம்பு என்கிற மில் தொழிலாளி மட்டும் தப்பவில்லை. கட்டுத்தறியில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் அவனை அடித்துக்கொண்டு போயிற்று. மறுநாள் அரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் உடல் ஒதுங்கியது. முப்பது வயது. அஞ்சலாட்சி என்று மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், தாயார் ஆயம்மா.

"ஒரே ஒரு உயிர்ச்சேதம்" என்று ரிப்போர்ட்டில் எழுதினார்கள். எல்லோரும் அந்த ஒன்றைச் சொல்லித்தான் மெச்சிக்கொண்டார்கள். மேரி என்கிற நகரசபைக் கட்டடத்தில் கூட்டம் போட்டுச் சாமிக்கண்ணுவுக்கு மாலை போட்டார்கள். இருநூறு உயிரைக் காத்த வீரர் என்று ஒருவர் பிரெஞ்சில் பேசினார், இன்னொருவர் தமிழில் பேசினார். மாலையின் ஈரம் கழுத்தில் பட்டபோது அவருக்கு உடம்பு கூசியது. வீட்டுக்கு வந்து மாலையைக் கிணற்றடியில் போட்டார். சோறு இறங்கவில்லை.

"ஏங்க, யாராவது மால போட்டா மொகத்த இப்படியா வச்சிக்குவாங்க?" என்று ராஜாம்பாள் கேட்டாள்.

"தலவலி" என்றார்.

அவர் என்ன நினைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொன்னால் லைசென்ஸ் போய்விடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பெட்டி போனால் தனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? சொல்லி என்ன, வேம்பு எழுந்து வரப்போகிறானா? இப்படியெல்லாம் நினைத்தார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பதினாறு நாள் பயந்துகொண்டே இருந்தார்.

இதற்கிடையில் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. நாமெல்லாம் நேற்று இந்தியாவோடு சேர்ந்தவர்கள், நம் உயிர் அணைக்காரர்களுக்குக் கிள்ளுக்கீரை, அதனால்தான் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே திறந்துவிட்டார்கள் என்று கடைக்குக் கடை பேசினார்கள். அணைக்காரர்கள் ஒன்பதரை என்று எழுதிய சீட்டின் நகலைக் காட்டிவிட்டார்கள். உடனே பேச்சு வாத்தியார் பக்கம் திரும்பியது. விழுப்புரத்து ஆள்தான் தப்பாகத் தட்டிவிட்டான், அவன்மேல் டில்லிக்கு எழுதியாயிற்று என்று இராமதாஸே வந்து சாமிக்கண்ணுவிடம் சொன்னார். சாமிக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கு மறுநாள், பதினாறாம் நாள் காலை ஆறரைக்கு, வாத்தியார் வந்தார். தட்டுவது அவர் தினுசாகவே இல்லை. எழுத்துக்கு எழுத்து நின்று, தயங்கித் தயங்கி வந்தது.

'எனக்கு விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. என் நகலில் 0930 என்றே இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் தூங்காமல் இருந்தேன். கை பிசகி 1500 என்று தட்டியிருப்பேன் போலிருக்கிறது. எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. உங்களையும் தர்மசங்கடத்தில் மாட்டிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.'

சாமிக்கண்ணு ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சைகோனில் பக்கத்தில் குண்டு விழுந்தபோதுகூட அப்படி அழுததில்லை. ராஜாம்பாள் கதவருகே வந்து பார்த்தாள். பிறகு அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டினார்.

'நீங்கள் சரியாகத்தான் அனுப்பினீர்கள். நானும் சரியாகத்தான் எடுத்தேன். ஐந்தரையைக் கூட்டியது நான். உங்கள்மேல் தப்பில்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும்.'

சாமிக்கண்ணு கோபத்துக்காகக் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். கடைசியில் வாத்தியாரின் கை, தன் பழைய தினுசில், ஒழுங்காக வந்தது.

'கிடைத்தது. இறந்தவரின் மனைவியிடம் சொல்லியாயிற்றா?'

இல்லை என்று தட்டிவிட்டு அவர் எழுந்தார்.

முதலில் இராமதாஸின் கச்சேரிக்குப் போனார். பையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் பிரித்து வைத்தார். இராமதாஸ் அதைப் படித்தார், அடித்த கோட்டைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முசியே, இத நான் பாக்கல. எடுத்துக்கினு போங்க."

"நீங்க பாத்துட்டீங்க."

"நீங்க இல்லன்னா எரநூறு பேரு போயிருப்பான். ஒருத்தன் போனான். கணக்குப் பாருங்க. ஒங்க லைசென்ஸ் போவும், மேல கேசு வந்தாலும் வரும். விழுப்புரத்தானுக்கு என்ன, ஒரு எச்சரிக்க குடுத்து உட்டுடுவான்."

"அவரு தப்பே பண்ணல, முசியே. அவரே தப்பு பண்ணிட்டதா நெனச்சி அழுவுறாரு. நான் சொல்ற மாதிரி எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன்."

இராமதாஸ் அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். அந்தக் கையெழுத்தின் பலனாக மறு மாதமே லைசென்ஸ் ரத்தானது. அதிகாரிகள் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அது நடக்கும் என்று தெரிந்துதான் சாமிக்கண்ணு கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே கச்சேரியிலிருந்து வெளியே வந்து சைக்கிளில் ஏறினார். ரெட்டியார்பாளையம் தாண்டி, வில்லியனூர் தாண்டி, ஆற்றுப் பாதையில் திரும்பினார். வழியில் விழுந்த மரங்களை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் எல்லையில் இறங்கி, வேம்பு வீடு எது என்று கேட்டார். நாலைந்து பேர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, "ரேடியோக்கார ஐயா" என்று கும்பிட்டுக் கூடவே வந்தார்கள்.

வீடு என்று ஒன்றும் இல்லை. மண்சுவர் கரைந்த இடத்தில் நாலு கழி நட்டுப் பனையோலை போட்டிருந்தார்கள். நடுவே ஒரு புடவையைத் தொங்கவிட்டுத் தடுத்திருந்தது. இந்தப் பக்கம் அஞ்சலாட்சி குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஆயம்மா தனி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை சின்னக் குடிசையில் இரண்டு அடுப்பு ஏன் என்று சாமிக்கண்ணுவுக்கு விளங்கவில்லை.

"ஒக்காருங்க ஐயா" என்றாள் அஞ்சலாட்சி. அழுது அழுது முகம் வீங்கியிருக்கும் என்று நினைத்து வந்தார். அப்படி இல்லை. முகம் வறண்டு கிடந்தது.

அவர் உட்காரவில்லை.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மூணு மணிக்கு மதகு தெறப்பாங்கன்னு தமுக்கு போட்டாங்களே, அந்த மணி தப்பு. அணைக்காரங்க ஒம்போதரைன்னுதான் சொன்னாங்க. விழுப்புரத்துக்காரரும் ஒம்போதரைன்னுதான் அனுப்புனாரு. மூணு மணின்னு மாத்தி எழுதுனது நான். என் கையால எழுதுனேன். சரியா எழுதியிருந்தா யாரும் திரும்ப ஊருக்குள்ள போயிருக்க மாட்டாங்க. ஒன் புருஷன் சாவு என்னால வந்தது."

அவர் அவள் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடித்தால் அடிக்கட்டும், காறித் துப்பினால் துப்பட்டும் என்றிருந்தது.

அஞ்சலாட்சி எதுவும் செய்யவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அவுரு போவ மாட்டேன்னுதான் சொன்னாரு ஐயா. மாடு போனா போவுது, புள்ளைங்களோட இருக்கறேன்னாரு. நான்தான் மூணு மணி வரைக்கும் நேரம் கீது, சும்மா இன்னாத்துக்கு ஒக்காந்துக்கினு, போயி அவுத்துக்கினு வான்னு தொரத்துனேன். மாட்டுக்காகப் புருஷன அனுப்பிக் கொன்னவள்னு பதினாறு நாளா எங்க மாமியா என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு கெடந்தேன். பொழுது விடிஞ்சா அதான், பொழுது போனா அதான்."

சாமிக்கண்ணு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். கேட்கவே வெட்கமாகப் போய்விட்டது.

"அப்ப நான் இல்ல" என்றாள் அவள், குழந்தைபோல. "நான் இல்லதானே ஐயா?"

"நீ இல்லம்மா. நீ இல்லவே இல்ல. நான்தான்."

அப்போதுதான் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளாமலே எழுந்தாள். நடுவில் தொங்கிய புடவையைக் கையால் ஒதுக்கினாள். அந்தப் பக்கம் ஆயம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்தாமல், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, அவங்களுக்குக் காது மந்தம்" என்றாள் அஞ்சலாட்சி. "இப்ப சொன்னத இன்னொரு தபா சொல்லுங்க. உரக்கச் சொல்லுங்க."

சாமிக்கண்ணு குனிந்து குடிசைக்குள் போனார். கிழவியின் எதிரே தரையில் மண்டியிட்டு, அவள் முகம் தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தார். பிறகு ஊரே கேட்கும் குரலில் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.